பகுதி நேர வேலைக் கட்டுரையில் வேலை எங்கே?

எஸ்.பி.எம். தமிழ்மொழிக்குப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர் யாராக இருந்தாலும் அவரிடம் ஒரு கோப்பு இருக்கும். சாலை விபத்து, தூய்மைக்கேடு, கைப்பேசி, வாசிப்புப் பழக்கம் என்று தலைப்பு வாரியாக மாதிரிக் கட்டுரைகள். அந்த வரிசையில் 'மாணவர்கள் பகுதி நேர வேலை செய்வதால் ஏற்படும் நன்மை தீமைகள்' நிச்சயம் இருக்கும். என்னிடமும் இருக்கிறது. யாரோ எழுதியதைக் குறை சொல்கிறேன் என்று எவரும் வருத்தப்பட வேண்டாம். நான் இங்கே எடுத்துக்கொள்வது நானே எழுதி, பல ஆண்டுகளாக நகலெடுத்து மலாக்கா மாணவர்களுக்குக் கொடுத்துவந்த கட்டுரையைத்தான். அது எப்படிப்பட்ட எழுத்து என்பதைச் சமீபத்தில்தான் உட்கார்ந்து நிதானமாகப் படித்துப் பார்த்தேன்.

கட்டுரை "இன்றைய நவீன உலகில்" என்று தொடங்குகிறது. அடுத்து மூன்று நன்மைகள்: சொந்தக் காலில் நிற்கும் பழக்கம், வேலை அனுபவம், பெற்றோர் சுமை குறைதல். பிறகு மூன்று தீமைகள்: பாடத்தில் கவனச் சிதறல், உடல்நலக் கேடு, தீய நட்பு. பத்திக்கு ஒரு மொழியணி. கவனச் சிதறலுக்கு 'ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்', உடல்நலத்துக்குச் 'சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும்'. முடிவில், அளவோடு செய்தால் நலம் என்ற அறிவுரை. மொழிப்பிழை இல்லை, பத்தி அமைப்பு ஒழுங்கு, சொல் எண்ணிக்கை சரி. இதை மனப்பாடம் செய்து எழுதிய பிள்ளைகள் தேறியும் இருக்கிறார்கள். அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் தமிழாசிரியர் பார்வையில் ஒரு சின்ன சோதனை செய்யலாம். கட்டுரையில் உள்ள வாக்கியங்களின் எழுவாயை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். "மாணவர்கள்", "மாணவர்கள்", "அவர்கள்", நடுவில் இரண்டு இடத்தில் "பெற்றோர்". வேலை கொடுக்கும் முதலாளி ஒரு வாக்கியத்துக்குக்கூட எழுவாயாக வரவில்லை. சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், எந்த ஊர், எப்படித் திரும்பி வருவது, எதுவுமே கிடையாது. பயனிலைகளைப் பாருங்கள்: "வேண்டும்", "கூடாது", "நேரிடும்". ஒருவர்கூட எதையும் தூக்கவில்லை, அடுக்கவில்லை, துடைக்கவில்லை, எண்ணவில்லை. வேலையைப் பற்றிய கட்டுரையில் வேலை செய்யும் வினைச்சொல் ஒன்றுமே இல்லை.

ஏன் வேலைக்குப் போகிறார்கள் என்பதற்கு என் கட்டுரை சொன்ன காரணம் இன்னும் மோசம். ஆடம்பரப் பொருள், விலையுயர்ந்த கைப்பேசி, நண்பர்களைப் பார்த்து ஆசைப்படுதல். இதை எழுதியபோது எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள். தம்பி தங்கையின் பள்ளிப் பேருந்துக் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். கேள்வித்தாள் கட்டுரைக்கு அதுதான் பொருத்தம் என்று நினைத்தேன்.

சென்ற ஆண்டு படிவம் ஐந்தில் ஒரு மாணவி இந்தக் கட்டுரையை அப்படியே ஒப்புவித்து எழுதிக் கொடுத்தாள். ஆடம்பரப் பொருள் உட்பட எல்லாமே இருந்தன. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நீ வேலைக்குப் போறியாமே?" என்று கேட்டேன். "ஆமா டீச்சர், சனி ஞாயிறு. மினி மார்க்கெட்ல." "அப்ப இதுல அதை ஏன் எழுதல?" "அதெல்லாம் கருத்தா டீச்சர்? மார்க்கு வருமா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. வீட்டுக்குப் போய் அந்த வேலையைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன்.

அவள் எழுதியதில் ர, ற மயக்கம் இருந்தது. ஒற்றுப்பிழை ஏராளம். பத்தியே பிரிக்கவில்லை. ஆனால் என் மாதிரிக் கட்டுரையில் இல்லாத ஒன்று இருந்தது. காலாவதித் தேதி நெருங்கிய பொருளை முன்னுக்கு இழுத்து, புதிதாக வந்ததைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்று எழுதியிருந்தாள். விலை ஒட்டும் கருவியை ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் அழுத்தினால் கட்டைவிரல் அடி எப்படி வலிக்கிறது என்று எழுதியிருந்தாள். வேலை கடினம் இல்லையாம். நேரம் நகராததுதான் கடினமாம். கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று தனக்குத்தானே ஒரு விதி வைத்திருக்கிறாள். ஒரு வரிசை மைலோ டின் அடுக்கி முடித்த பிறகுதான் பார்க்கலாம். அரை மணி நேர ஓய்வில், சரக்கு அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து கைப்பேசியில் யு.பி.யு. பக்கத்தைத் திறந்து, எந்தப் படிப்புக்கு எந்தப் பாடத்தில் என்ன தரம் கேட்கிறார்கள் என்று பார்க்கிறாளாம். கைப்பேசி! நான் ஆடம்பரப் பொருள் என்று எழுதிய அதே கைப்பேசி.

நம் இலக்கியம் இந்தப் பெண்ணை எங்கே வைத்திருக்கிறது என்று தேடினால், பக்கத்தில் வரும் நூல்கள் உண்டு, ஆனால் இவள் இல்லை. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே', எம். குமாரனின் 'செம்மண்ணும் நீல மலர்களும்' போன்ற நாவல்களில் உழைப்பு என்றால் தோட்டத்து உழைப்பு. மரம் சீவுவதையும் பால் வாளி சுமப்பதையும் நம் எழுத்தாளர்கள் கை பழகி எழுதினார்கள். விலை ஒட்டும் கருவியும், ஓட்டல் விருந்துக்கூடத்தில் கைத்துண்டு மடிப்பதும், பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளின் இரவு ஷிப்டும் அந்த அளவுக்கு நம் எழுத்தில் பதியவில்லை. ஆங்கிலத்தில் கே. எஸ். மணியம் 1981-இல் எழுதிய 'தி ரிட்டர்ன்' நாவல் கொஞ்சம் கிட்டத்தில் வருகிறது. கெடாவில் மருத்துவமனைச் சலவைத் தொழிலாளியின் மகன் ரவி, ஆங்கிலப் பள்ளியில் படித்து ஆசிரியர் பயிற்சிக்காக இங்கிலாந்துவரை போகிறான். வீட்டுத் தொழிலும் பள்ளியும் அவனை இரண்டு பக்கமும் இழுக்கின்றன. அந்த இழுபறியை மணியம் 'நன்மை மூன்று, தீமை மூன்று' என்று பிரித்துப் போடவில்லை. படிப்பு அவனுக்குக் கொடுத்ததும் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டதும் ஒரே கதையாகப் போகின்றன. வாய்ப்பு உள்ள ஆசிரியர்கள் அந்த நாவலைப் படித்துவிட்டு இந்தக் கட்டுரைத் தலைப்பை வகுப்பில் எடுத்துப் பாருங்கள். பாடமே வேறு மாதிரி நடக்கும்.

"இன்றைய நவீன உலகில்" என்ற தொடக்கத்துக்கு வருகிறேன். மற்ற எந்தத் தலைப்புக்கு அது பொருந்தினாலும் இதற்குப் பொருந்தாது. படிக்கிற பிள்ளை வேலை செய்வது நம்மிடையே தோட்டத்தின் வயது கொண்ட விஷயம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 7 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகள் பத்துப் பேர் ஒரு தோட்டத்தில் குடியிருந்தால் நிர்வாகம் அங்கே பள்ளி வைக்க வேண்டும் என்றது. நம் தோட்டப் பள்ளிகள் பலவற்றின் பிறப்பு அப்படி. பள்ளி வந்ததால் வேலை போய்விடவில்லை. மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் அம்மாவுக்குப் பின்னால் நடந்த பிள்ளைகள்தான் இன்றைய தாத்தா பாட்டிகள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது உதிரிப் பழம் பொறுக்கப் போனார்கள். பிறகு பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கும் அடுக்குமாடிக்கும் வந்தன. வேலை மட்டும் கூடவே வந்து சட்டை மாற்றிக்கொண்டது. இன்று அது மினி மார்க்கெட், பெட்ரோல் நிலையம், ஓட்டல் விருந்து, உணவு பொட்டலம் கட்டுவது. தாத்தா செய்த வேலைக்கும் பேத்தி செய்யும் வேலைக்கும் உள்ள தொடர்ச்சியை ஒரு மாணவர் ஒரே பத்தியில் எழுதிக் காட்டினால், அந்தப் பத்திக்கு எத்தனை புள்ளி கொடுத்தாலும் தகும். என் மாதிரிக் கட்டுரை அந்தக் கதவை முதல் வரியிலேயே அடைத்துவிட்டது.

அடுத்தது கட்டுரை அறவே விட்டுவிட்ட பகுதி, சட்டம். 1966-ஆம் ஆண்டுச் சிறார், இளையோர் வேலைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 2019-இல் திருத்தப்பட்டது. 15 வயதானவர், 18 வயது நிரம்பாதவர் அதன்படி 'இளையோர்'. படிவம் நான்கு, ஐந்து மாணவர் பெரும்பாலும் இதில்தான் அடங்குவர். பள்ளியில் படிக்கும் இளையவருக்குப் பள்ளி நேரமும் வேலை நேரமும் சேர்ந்து ஒரு நாளைக்கு 8 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. பள்ளி இல்லாத நாளில் 7 மணி நேரம். தொடர்ந்து 4 மணி நேரம் வேலை செய்தால் குறைந்தது 30 நிமிட ஓய்வு. இரவு 8 மணியிலிருந்து காலை 6 மணிவரை வேலை வாங்கக்கூடாது. விவசாயம், பொதுக் கேளிக்கை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இதைப் பலகையில் எழுதிவிட்டு வகுப்பைக் கணக்குப் போடச் சொன்னேன். பள்ளி ஏறத்தாழ 7 மணி நேரம். மீதி எவ்வளவு? ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு எவர் வேலை கொடுப்பார்? வகுப்பு சிரித்தது. பிறகு பின்வரிசையில் ஒரு பையன், "அப்ப நான் திங்கட்கிழமை நாலு மணிக்குப் போயி பத்து மணிக்கு வரேனே, அது?" என்று கேட்டான். சிரிப்பு நின்றுவிட்டது. அது சட்டத்துக்குப் புறம்பு. பொறுப்பு வேலை வாங்குபவருடையது. இத்தனை ஆண்டும் அந்தப் பையன் பரீட்சையில் என்ன எழுதிக்கொண்டிருந்தான் தெரியுமா? 'மாணவர்கள் நேரத்தை முறையாகப் பங்கிடத் தவறுவதால் கல்வியில் பின்தங்குகின்றனர்.' சட்டத்தை மீறுவது ஒருவர், தன்னைத்தானே கண்டித்துக் கட்டுரை எழுதுவது இன்னொருவர். அந்தக் கண்டன வாசகத்தை அவனுக்கு எழுதிக் கொடுத்தது நான். இந்தக் கட்டுரை வகையின் மேல் எனக்குள்ள பெரிய குற்றச்சாட்டு இதுதான். மொழி சரியாக இருக்கிறது என்பதால் இதை நாம் இத்தனை நாள் கவனிக்கவில்லை.

சம்பளத்தையும் போட்டுப் பார்த்தோம். 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக் கணக்கில் 8.72 ரிங்கிட். ஐந்துக்கும் குறைவான ஆட்கள் உள்ள இடங்களுக்கு ஆகஸ்ட் 1 முதல். சனி 7 மணி நேரம், ஞாயிறு 7 மணி நேரம், வாரம் 14 மணி நேரம். அதாவது 122 ரிங்கிட் 8 சென். நான்கு வாரத்துக்கு 488 ரிங்கிட் 32 சென். அந்த மாணவி பதில் பேசாமல் தன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஏதோ எழுதிப் பார்த்தாள். அவளுக்கு மணிக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று நான் கேட்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது.

'கல்வி பாதிக்கப்படும்' என்ற வாக்கியமும் இதே போலத்தான். உண்மைதான், ஆனால் எங்கே, எப்படி? உயர்கல்வி விண்ணப்பத்துக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு, 10 விழுக்காடு புறப்பாடம். மத்தியானம் பள்ளி முடிந்ததும் வேலைக்கு ஓடுகிற பிள்ளை முதலில் விடுவது பாடத்தை அல்ல, சீருடை இயக்கத்தையும் விளையாட்டையும்தான். அந்த 10 விழுக்காடு ஓசையில்லாமல் கரைகிறது. ஒரே தரம் எடுத்த இருவரில் ஒருவருக்கு இடம் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போவது சில சமயம் இங்கேதான்.

இன்னொன்று நமக்கே சுடும். இடைநிலைப்பள்ளியில் தமிழ் என்பது தாய்மொழி வகுப்பு. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் நடத்தப்பட வேண்டியது. பல இடங்களில் அது கால அட்டவணைக்கு வெளியே, மத்தியானத்திலோ சனிக்கிழமையிலோ நடக்கிறது. ஆக, பகுதி நேர வேலைக்குப் போகும் மாணவர் முதலில் இழக்கும் பாடம் தமிழ்தான். பகுதி நேர வேலையின் தீமைகள் என்ற கட்டுரையை நாம் நடத்தும் சனிக்கிழமையில், அதைப் பற்றி உண்மையாக எழுதக்கூடியவர் கடையில் டின் அடுக்கிக்கொண்டிருப்பார். வந்திருப்பவர்கள் மனப்பாடம் செய்வார்கள்.

என் மாதிரிக் கட்டுரை எஸ்.பி.எம்.முடன் நின்றுவிடுகிறது. உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான் என்பது என் அனுபவம். தேர்வு முடிந்து முடிவு வரும்வரை சில மாதங்கள் இடைவெளி. பகுதி நேரம் முழு நேரமாகிறது. 17, 18 வயதில் மாதம் 1,700 ரிங்கிட் கையில் வருவது சாதாரண விஷயம் இல்லை. வீட்டில் அந்தப் பணத்துக்கு உடனே ஒரு இடம் உண்டாகிவிடுகிறது. மோட்டார் சைக்கிள் தவணை வந்துவிடும். அப்புறம் படிவம் ஆறுக்குப் போ என்றால், "ஒன்றரை வருஷம் சும்மா உட்காரணுமா டீச்சர்?" என்கிறார்கள். எஸ்.டி.பி.எம். 2012 முதல் மூன்று பருவமாக நடக்கிறது, ஒவ்வொரு பருவத்துக்கும் முடிவு தனியே வருகிறது, செலவும் குறைவு என்று விளக்கினாலும் தவணைப் புத்தகம் பதில் சொல்லிவிடுகிறது. மற்ற வழிகளும் தூரத்தில் இல்லை. மஸ்ஜித் தானா பக்கம் லொண்டாங்கில் மெட்ரிகுலேஷன் கல்லூரி, மெர்லிமாவில் போலிடெக்னிக், டுரியான் துங்காலில் மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஆயர் குரோ பக்கம் மல்டிமீடியா பல்கலைக்கழகம். மெட்ரிகுலேஷனில் நம் பிள்ளைகளுக்கான இடம் நெடுங்காலம் குறுகிய கதவாகவே இருந்தது. 2024-இல், 10ஏ-யும் அதற்கு மேலும் எடுத்தால் இன வேறுபாடின்றி இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. நல்லதுதான். வாரத்தில் 14 மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்யும் பிள்ளைக்குப் பத்து ஏ எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எதிர்காலம் பாழாகும் என்று கட்டுரையில் எழுதுவது சுலபம். எதிர்காலத்துக்கு ஒரு விண்ணப்பப் பாரம் இருக்கிறது, ஒரு கடைசித் தேதி இருக்கிறது, பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறது, பதிவு நாளில் கட்ட வேண்டிய பணம் இருக்கிறது. அந்தப் பதிவுப் பணத்துக்காகவே வேலைக்குப் போகும் பிள்ளையும் உண்டு. அவளுக்கு இந்த வேலை நன்மைப் பத்தியிலா வரும், தீமைப் பத்தியிலா? இரண்டிலும் வரும் என்றால், நாம் கொடுத்த சட்டகத்தில் அவளுக்கு இடமே இல்லை.

ஆசிரியர்கள் சொல்லப்போவது எனக்குக் கேட்கிறது. பலவீனமான மாணவனுக்குச் சட்டகம் வேண்டும், அது இல்லாவிட்டால் தாளை வெறுமையாகக் கொடுப்பான். சரி. நானும் சட்டகத்தைத் தூக்கி எறியவில்லை. முன்னுரை, கருத்துகள், முடிவுரை அப்படியே இருக்கட்டும். மொழியணியும் இருக்கட்டும், ஆனால் வலி தெரிந்த இடத்தில் வரட்டும். கட்டைவிரல் வலியை எழுதிய பிறகு 'சுவர் இருந்தால்தான் சித்திரம்' என்று வந்தால் அந்தப் பழமொழிக்கே உயிர் வருகிறது. நான் மாற்றியது கொஞ்சம்தான். முதல் வரியில் "இன்றைய நவீன உலகில்" கூடாது என்று தடை போட்டேன். ஒவ்வொரு கருத்திலும் ஓர் எண், ஓர் இடம், கையால் செய்யும் ஒரு வினைச்சொல் இருக்க வேண்டும் என்றேன். 'மாணவர்கள்' அல்லாத ஓர் எழுவாயாவது பத்திக்கு ஒன்று வேண்டும் என்றேன். முதல் வாரம் தடுமாறினார்கள். 'முதலாளி' என்ற எழுவாயை எழுதவே சிலருக்குக் கூச்சம். ஒருவன் "முதலாளி அவர்கள்" என்று எழுதினான். மூன்றாம் வாரத்தில், வேலைக்கே போகாத பிள்ளைகள்கூட அப்பாவின் ஷிப்டையும் அக்காவின் கடையையும் எழுத ஆரம்பித்தார்கள். கட்டுரைகள் நீண்டன. பிழைகளும் கூடின என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனப்பாடத்தில் பிழை குறைவு, சொந்த எழுத்தில் அதிகம். திருத்த எனக்கு இரட்டிப்பு நேரமாகிறது.

அந்த மாணவி ஆண்டின் கடைசிப் பயிற்சியில் இதே தலைப்பை மறுபடி எழுதினாள். பத்தி பிரித்திருந்தாள். ஒற்று இன்னும் தகராறுதான். இரண்டாம் பத்தியில் ஒரு மணி நேரத்துக்கு 8.72 ரிங்கிட் என்று சட்டம் சொல்வதையும், தனக்குக் கிடைப்பதையும் அடுத்தடுத்த வாக்கியத்தில், ஒரு குறைகூடச் சொல்லாமல், வைத்திருந்தாள். புத்தகத்தை வாங்கும்போது கேட்டாள், "டீச்சர், பரீட்சைல இந்த நம்பரை எடுத்துடவா? யாராச்சும் ஏதாச்சும் நெனப்பாங்களா?"

"இருக்கட்டும், எடுக்காத" என்றேன்.